தோற்றவளுக்குத் தேங்காய் பன்

சிரித்துவிடக் கூடாது, ராசாமணிக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான். மாலை போட்ட புருஷன் படத்துக்குப் பக்கத்தில், மேடைமேல், சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில் ஈரோட்டில் பாதிப் பேர் பார்க்க உட்கார்ந்திருக்கிறவள் சிரித்தால் நன்றாகவா இருக்கும். கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் நாத்தனார் முத்தாயி கைக்குட்டையை மடியில் தயாராக விரித்துவைத்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவள் கண் கலங்கினால் தானும் கலங்குவதற்கு. ஆனால் மைக்கைப் பிடித்திருக்கும் முனைவர் இளந்திரையன் விட்டால்தானே. "ருத்ரசேனன் படைத்த துப்பறிவாளன் கதிரேசன், கொலைகாரனைத் துரத்துகிற உச்சக்கட்டத்தில்கூட நின்று அரிசிம்பருப்புச் சோறு உண்கிறான். இது வெறும் பசியல்ல. இது மண் சார்ந்த எதிர்ப்பு," என்கிறார். எதிர்ப்பாம். அன்றைக்கு வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, அவ்வளவுதான் விஷயம். ருத்ரசேனன் என்கிற பெயரில் அவள் புருஷன் எழுதும்போது பக்கத்தில் தட்டு இருக்கும், தட்டில் என்ன இருக்கிறதோ அது கதிரேசன் வாய்க்கும் போகும். தக்காளிக் குழம்பு வைத்த நாளில் அவன் தக்காளிக் குழம்பு தின்றான், அவளுக்குக் கோபம் வந்து சட்னியோடு நிறுத்திய நாளில் அவனும் சட்னியோடு நிறுத்தினான். ஒரு தடவை சிலிண்டர் தீர்ந்துபோய் வர நாளாகிவிட்டது, பாவம் கதிரேசன் கரூரிலிருந்து மேட்டூர் வரைக்கும் வெறும் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே துப்பறிந்தான். அதற்கு இந்த முனைவர் என்ன சொல்லுவார், துறவு என்பாரா. ராசாமணி முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதைப் பார்த்து முத்தாயி அழ ஆரம்பித்தாள்.

படத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று திரும்பினால் அங்கே அதைவிட ஆபத்து. கறுப்புக் கண்ணாடி, கோட்டு, தாடைக்கு முட்டுக்கொடுத்த கை. கோட்டு ஸ்டுடியோக்காரருடையது, தொளதொளவென்று இருந்ததை முதுகுப்பக்கம் சேப்டிபின் குத்தி இறுக்கியவள் இவள். கல்யாணமான புதிதில் எடுத்த அந்தப் படம்தான் கடைசிவரைக்கும் எல்லா நாவலின் பின்னட்டையிலும் வந்தது. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் கரண்டு ரீடிங் எடுத்த நாச்சிமுத்துவுக்கு வழுக்கை விழுந்தது, மீசை நரைத்தது, பல் செட்டு வந்தது. ருத்ரசேனனுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார், தன் புத்தகத்தை வாங்குகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். ஒருத்தன் பின்னட்டையைக் காட்டி, "இந்த ஆளு மெட்ராசுல பெரிய வக்கீலுங்க, எனக்கு நல்லாத் தெரியும்," என்று அவரிடமே சொன்னான். "அப்படீங்களா, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுங்க," என்று சொல்லிவிட்டு வந்து, சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, வாசலில் நின்றே சிரித்தார். ரீடிங் எடுக்கப் போன வீடுகள்தான் அவருக்குக் கதை. கதவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்க்கிறவருக்கு அந்த வீட்டின் மாடிப்படி, பூட்டிய அறை, பின்வாசல் எல்லாம் தெரிந்துவிடும். "அம்மிணி, இன்னிக்கு ஒரு ஊடு பார்த்தேன், கொலைக்குன்னே கட்டுனாப்ல இருக்குது," என்று சோற்றில் கை வைக்காமல் சொல்லுவார். வெயிலில் போனவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தவர்கள் யாரும் அவர் கதையில் சாகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்தவர்கள் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் எதிரே உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சுகிற பெரிய மனிதரைக் காட்டி, "இவருதான் கெணத்துல கெடந்தவரு," என்று காதில் சொல்லுவார், இவள் பாயசத்தை மூக்கில் ஏற்றிக்கொள்வாள். இப்போது மூன்றாவது வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்கூட ஒரு மழைநாளில் செத்தவர்தான். நல்லா இருக்கட்டும். பூ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

இளந்திரையன் எதிர்ப்பை முடித்துக் குறியீட்டுக்குப் போய்விட்டார். ராசாமணிக்கு இடதுபக்கம் பதிப்பாளர் தனக்கோடி, அவருக்கு அந்தப்பக்கம் பிரசன்னா என்கிற எழுத்தாளத் தம்பி. தம்பிக்கு வியர்க்கிறது. அந்தத் தம்பியை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு இறங்கிவிட்டது. காரில் வரும்போது தனக்கோடி சொன்னார்: "அக்கா, கடைசியா நீங்க ரெண்டு வார்த்த பேசோணும். பேசறப்போ, அண்ணன் விட்ட நாவலோட மிச்சத்தப் பிரசன்னா எழுதட்டும்னு ஒரு சொல்லுச் சொல்லிட்டீங்கன்னா போதுமுங்க. சபையில உங்க வாயால வந்துட்டா அப்புறம் ஆரும் ஒண்ணும் பேச மாட்டாங்க." அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தத் தொழிலில் அட்டைதான் முதலில் அச்சாகும், கதை அப்புறம்தான் வரும். அடுத்த மாத நாவலின் தலைப்பையும் படத்தையும் இந்த மாதமே போட்டுவிடுவார்கள், எழுதுகிறவர் அந்த அட்டைக்கு ஏற்றபடி கொலை செய்ய வேண்டும். ஒரு தடவை ஓவியர் எதையோ நினைத்துக்கொண்டு அட்டையில் ஒரு குதிரையைப் போட்டுவிட்டார். கதையோ ஓடும் ரயிலுக்குள் நடக்கிறது. நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தார், நடந்தார், கடைசியில் ரயிலை ஒரு மேட்டில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கதிரேசனை ஒரு குதிரையைப் பார்க்கவைத்தார். அந்தக் குதிரை யாருடையது என்று கேட்டு வாசகர்கள் ஒரு வருஷம் கார்டு போட்டார்கள். இப்போது 'தாழ்ப்பாள் இல்லாத மரணம்' அட்டை அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. உள்ளேயும் எல்லாம் தயார். ரைஸ் மில் முதலாளி தன் அறையில் செத்துக்கிடக்கிறார், டாக்டர்மேல் சந்தேகம், ஜோசியர்மேல் சந்தேகம், மச்சினன்மேல் சந்தேகம், கதிரேசன் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நடுவில் நிற்கிறான், "கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான்" என்கிறான். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அவன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான், பாவம், கால் வலிக்காதா.

சரி என்று சொல்லிவிடலாம். தம்பி நல்லவன், வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஆனால் கடைசி அத்தியாயம் என்பது அவர்கள் வீட்டில் வேறு சங்கதி. ஒவ்வொரு மாதமும் அவர் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் பேனாவை மூடிவிட்டு, எழுதிய தாள்கட்டை அவள் மடியில் வைப்பார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படிப்பாள். அவர் எதிரே ஒன்றும் தெரியாதவர்போல நகம் வெட்டிக்கொண்டிருப்பார். படித்து முடித்ததும் கேட்பார்: "ஆரு, அம்மிணி?" அவள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் ஜெயித்தார், தோற்றவளுக்கு ஆறுதல் பரிசு ஒரு தேங்காய் பன். பேக்கரிக்கு அவரே போய், சூடாக, உள்ளே தேங்காயும் செர்ரியும் பிதுங்குகிற பன்னை வாங்கிக்கொண்டு வருவார், "தோத்துட்ட, தின்னு," என்று கொடுப்பார். சரியாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் பேசமாட்டார். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். அப்புறம் கொலைகாரனை மாற்றிவிடுவார். அவளுக்குத் தெரிந்துவிட்டால் ஊருக்கும் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆரம்பத்தில் அவளுக்கு இது தெரியாது. நாலைந்து நாவல் வரிசையாகச் சரியாகச் சொல்லிவிட்டு, பெருமையாகத் திரிந்தாள். அப்புறம்தான் பார்த்தாள், மனிதர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கிழித்த தாள்களுக்கு நடுவில், கண் சிவக்க, முதல் அத்தியாயத்திலிருந்து துப்புகளைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுக்கொண்டிருக்கிறார், சளி பிடித்திருக்கிறது, பேச்சே இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் சமையல்காரிதான் கொன்றாள் என்று பளிச்சென்று தெரிந்தும், "டிரைவருங்க," என்றாள். அவர் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே. அப்படியே மீசையைத் தடவிக்கொண்டு செருப்பை மாட்டினார். அன்றிலிருந்து அவள் தோற்றுக்கொண்டே வந்தாள். சும்மா தோற்க முடியாது, அதுவும் ஒரு வேலை. கிட்டத்தட்டச் சரியாகத் தப்பாகச் சொல்ல வேண்டும், அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. எத்தனை பன். உடம்பு இப்படிப் பெருத்துச் சர்க்கரை வந்ததற்கு டாக்டர் என்னென்னமோ காரணம் சொன்னார், அவளுக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மட்டும்தான் ஆட்டம் பிசகிவிட்டது. அதுதான் கருமாதியிலிருந்து அவளைப் போட்டுக் குடைகிறது. படுக்கையில் சாய்ந்துகொண்டே எழுதினார், மூக்கில் டியூபு, மடியில் பரீட்சை அட்டை. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வரை எழுதிவிட்டுத் தாள்கட்டைக் கொடுத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள். ஜோசியர்தான், சந்தேகமே இல்லை. இரண்டாவது அத்தியாயத்தில் அந்த ஆள் ஜாதகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் போகிறபோக்கில் எழுதியிருந்தார், அது போதும். "ஆரு, அம்மிணி?" குரல் காற்றாக வந்தது. "டாக்டருங்க," என்றாள், அவள் வழக்கப்படி. அவர் மீசையைத் தடவவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு, கட்டில் ஆடியது, பாட்டில் ஆடியது, நர்சு ஓடிவந்து, "ஐயா, இந்த வார்டுல இப்படியெல்லாம் சிரிக்கக் கூடாதுங்க," என்றாள். எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று கையைக் காட்டினார். மறுநாள் எழுதுகிற நிலைமையில் இல்லை, அதற்கு மறுநாள் அவரே இல்லை. இப்போது அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம். உண்மையிலேயே டாக்டர்தான் கொலைகாரரோ, இவள் தப்பு என்று நினைத்துச் சொன்னது போய் நேராகப் பட்டுவிட்டதோ. அப்படியானால் இத்தனை வருஷம் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் என்ன. அவர் மனசு தனக்கு அத்துப்படி என்று நினைத்தாளே, ஒன்றுமே தெரியாமலா பக்கத்தில் இருந்தாள். அந்தப் பயம் எழும்போது மண்டபத்து மின்விசிறிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. கடைசியாக அவர் சிரித்த சிரிப்பு தனக்குப் புரியாமலே போய்விட்டால், அதைவிடப் பெரிய இழப்பு வேறு கிடையாது. புரியாமல் இருந்தால் தம்பியே எழுதட்டும், யாரை வேண்டுமானாலும் கொலைகாரன் ஆக்கட்டும். டாக்டரா, ஜோசியரா. ஜோசியரா, டாக்டரா. கதிரேசன் அங்கேயே நிற்கிறான்.

கைதட்டல் கேட்டது. முனைவர் உட்கார்ந்துவிட்டார், தனக்கோடி பேசிக்கொண்டிருந்தார். "அண்ணன் எழுதுனதுல எனக்குப் புடிச்சது 'சாட்சிக்கு ஒரு சாவு'ங்க. அதுல ஆரு கொலைகாரன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் ஒருத்தராலும் சொல்ல முடியாதுங்க." அந்த நாவல். அந்த மாதம் அவளுக்கு விஷக்காய்ச்சல். பாயில் படுத்துக்கொண்டு எழுத்தெல்லாம் ஊர்கிற கண்ணோடு படித்தாள், படித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தாளைப் புரட்டினாள். கேட்டபோது வாயில் வந்த பெயரைச் சொன்னாள், "முருகபூபதிங்க." அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "தோத்துட்ட," என்று சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டு போய்ப் பன் வாங்கிவந்து, பாலில் நனைத்து ஊட்டினார். பாலில் ஊறிய தேங்காய், காய்ச்சல் நாக்குக்கு அது ஒன்றுதான் இறங்கியது. இப்போதுகூட அந்தச் சுவை தொண்டையில் வருகிறது. முருகபூபதி. ராசாமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முருகபூபதி நாலாவது அத்தியாயத்திலேயே செத்துப்போனவன். சாட்சிக்கு ஒரு சாவு என்பதே அவனுடைய சாவுதான், தலைப்பிலேயே செத்துக்கிடக்கிறான். புத்தகமாக வந்தபோது படித்துவிட்டு, காய்ச்சலில் உளறியிருக்கிறோம், நல்லவேளை அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாளே. கவனிக்காமலா இருப்பார், எழுதியவரே அவர்தானே. கொன்றவரே அவர்தானே. செத்தவனைக் கொலைகாரன் என்று சொல்லுகிறவளைப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மீசையைத் தடவியிருக்கிறார். அப்போதே தெரியும் அவருக்கு. இவள் வேண்டுமென்றே தோற்கிறாள் என்று அதற்கு முன்னாலேயே தெரியும், இல்லாவிட்டால் அந்த மழையில் அப்படி நடித்திருக்க முடியாது. இரு, இரு. ஆஸ்பத்திரியில் சிரித்து முடித்துவிட்டு என்ன செய்தார். பக்கத்துக் கட்டில்காரர் மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, ரெண்டு தேங்காய் பன் வாங்கிட்டு வா," என்றார். ஒன்றை இவளிடம் கொடுத்தார், ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். சர்க்கரை ஏறிப் போகும் என்று இவள் பிடுங்கப் போனாள், அவர் தரவில்லை. வாழ்நாளில் ஒருநாளும் அவர் தனக்கென்று பன் வாங்கியதில்லை. தோற்றவர்களுக்குத்தான் பன். நீ சும்மா தோற்றாய், நான் நிஜமாகவே தோற்றுக்கொண்டிருந்தேன், இந்தா, இது என் பங்கு என்று சொல்லியிருக்கிறார் மனிதர். அவள் அவரை ஏமாற்றியதும் அவர் அவளை ஏமாற்றியதுமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அடுப்பை அணைத்துவிட்டு, நகம் வெட்டிக்கொண்டு, ஐயோ. அதற்கு மேல் முந்தானை உதவவில்லை. ராசாமணி சிரித்தாள். மேடைமேல், மாலைக்குப் பக்கத்தில், வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அவர் ஆஸ்பத்திரியில் சிரித்ததைப்போலவே நாற்காலி ஆடச் சிரித்தாள். அழுகை இல்லை அது, சந்தோஷம், முழுச் சந்தோஷம்.

தனக்கோடி பாதிச் சொல்லில் நின்றார். "அண்ணி," என்று முத்தாயி பாதி எழுந்தாள். "ஒண்ணுமில்லீங்க நங்கை, உங்கொண்ணனை நெனச்சுட்டேன்," என்று சொல்லி ராசாமணி எழுந்தாள், மைக்குக்குப் போனாள். மைக் உயரமாக இருந்தது, இழுத்து இறக்கிக்கொண்டாள். என்ன பேச வேண்டும் என்று தனக்கோடி சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு சொல்லுத்தான். அவள் மைக்கில் பேசாமல் திரும்பி, தம்பியைப் பார்த்தாள். "தம்பி, நீங்க முழுசும் படிச்சீங்களா?" தம்பி எழுந்து நின்றான். "மூணு வாட்டி படிச்சேனுங்கம்மா." "செரி. ஆரு கொன்னது?" அவன் மற்றவர்களைப் பார்த்தான், கூச்சத்தோடு கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "ஜோசியருங்கம்மா. ஜாதகத்தத் தலைகீழாப் புடிச்சிருக்காரு," என்றான். கெட்டிக்காரன். அப்படியே கண்டுபிடித்துவிட்டான். ராசாமணி ஒன்றும் பேசவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நின்றவாக்கிலேயே பாதி குடித்தாள். குடிக்கக் குடிக்கத்தான் தெரிந்தது, அவர் ஏன் இந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பார் என்று. தாகத்துக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு யோசிக்க அது ஒன்றுதான் வழி. ஜோசியர் இனிமேல் ஆகாது, கண்டுபிடித்தாயிற்று. இவனுக்குத் தெரிந்துவிட்டால் ஊருக்கும் தெரிந்துவிடும். ஜாதகத்தைத் தலைகீழாகப் பிடித்தது ஏன், கண்ணாடி இல்லாததால், கண்ணாடியை யார் எடுத்தது, ஜோசியர்மேல் சந்தேகம் வரட்டும் என்று எடுத்தவர் யார். முதல்நாள் கண் பரிசோதனை செய்தவர் யார். டாக்டர். அட, டாக்டரேதான். அடுத்த பக்கம் எழுந்துவந்து நிற்கிறதே, கூடம், நாற்காலிகள், நடுவில் கதிரேசன், அவனுக்கு ஒரு தட்டில் சோறு. மைக்கில் சொன்னாள்: "கடைசி அத்தியாயத்த நானே எழுதறேனுங்க. தம்பி கூட இருந்து பார்த்துக் குடுக்கட்டும்." கைதட்டலில் தம்பியின் நிம்மதிப் பெருமூச்சு அவளுக்கு மட்டும் கேட்டது.

திரும்பும்போது காரில் தனக்கோடி முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, கொஞ்சம் பயம்தான். "அக்கா, தம்பி ஜோசியர்ங்கறாரே, அவரு இல்லீங்களா?" "டாக்டருங்க." பக்கத்தில் பிரசன்னா, "டாக்டரா, எப்படீங்கம்மா," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யோசித்து, ஆமாமில்ல என்று தலையாட்டினான். வெளியே ஜவுளிக் கடைகள் மூடாமல் கூட்டமாக இருந்தன, ரோட்டோரத்தில் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கிளம்ப மனசில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது, எந்த வீட்டைப் பார்த்தாலும் கொலைக்கென்றே கட்டியதுபோல இருந்தது. அவரிடம் சொன்ன பதில் சரியாகப்போகிறது. ஆரு, அம்மிணி. டாக்டருங்க. சரியான விடை, இனிமேல் மாற்றுவதற்கு அவர் இல்லை. ராசாமணி டிரைவரின் தோளைத் தொட்டாள். "அந்த பேக்கரியில கொஞ்சம் நிறுத்துங்க கண்ணு. ரெண்டு தேங்காய் பன் வாங்கோணும்." "உங்களுக்குச் சர்க்கர இருக்குதுங்களே," என்றார் தனக்கோடி. "எனக்கில்லீங்க," என்றாள் ராசாமணி. "ஒண்ணு இந்தத் தம்பிக்கு. இன்னொண்ணு படத்துக்கு முன்னால வெக்கோணும். அவரு தோத்துட்டாரு."